மணலும் தண்ணீரும் ஒரே விளக்கின் கீழ்: நீர் வெப்பத்தைச் சேமிப்பதைப் பிள்ளைகளோடு அளந்து பார்த்த பதிவு

மணல் சீக்கிரம் சூடாகும், தண்ணீர் மெதுவாகச் சூடாகும். இரண்டு கிண்ணம், ஒரு விளக்கு, இரண்டு வெப்பநிலைமானி இருந்தால் இதை அரை மணி நேரத்தில் காட்டிவிடலாம். வழக்கமாகச் செய்யப்படும் சோதனையும் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகிறது. முடிந்ததும் பிள்ளைகளிடம், "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "தண்ணீர் வெப்பத்தை அவ்வளவாக வாங்காது" என்று ஒரு குரலாவது வரும். உண்மை இதற்கு நேர் எதிரானது. தண்ணீர் ஏராளமாக வாங்கிக்கொள்கிறது. அப்படி வாங்கியும் அதன் வெப்பநிலை அதிகம் ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தலைகீழ்ப் புரிதல் மனதில் தங்கிவிட்டால், பிறகு கடல், பருவக்காற்று, புவி வெப்பமாதல் என்று எதைச் சொன்னாலும் சரியாகப் போய் உட்காராது. ஆகவே விளக்குச் சோதனையை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் வேறு சில சோதனைகளைக் கோத்து, பத்து முதல் பதின்மூன்று வயதுள்ள பிள்ளைகளோடு செய்து பார்த்தேன். எதை எப்படிச் செய்தோம், எங்கே கவனம் வேண்டும் என்பதை இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

மானிகளைச் சரிபார்ப்பது

முதல் வேலை வெப்பநிலைமானிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. சிவப்புச் சாராயம் நிரப்பிய கண்ணாடி மானிகள் போதும். பாதரச மானி பிள்ளைகள் கையில் வேண்டவே வேண்டாம். பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி, அது நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கலக்கி, எல்லா மானிகளையும் அதில் நிறுத்த வேண்டும். எல்லாமே 0 டிகிரி காட்ட வேண்டும். ஒன்று 1 காட்டும், இன்னொன்று அரை டிகிரி கீழே நிற்கும். ஒவ்வொன்றிலும் அதன் பிழையை எழுதிய சீட்டை ஒட்டிவிட்டால், பிறகு ஒவ்வொரு அளவிலும் அதைக் கூட்டியோ கழித்தோ கொள்ளலாம்.

இதைத் தவிர்த்துவிட்டு நேராகச் சோதனைக்குப் போகத் தோன்றும். போக வேண்டாம். கருவி சொல்வதை அப்படியே நம்பக்கூடாது, முதலில் அதைச் சோதிக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் இந்தச் சின்ன வேலையில் ஆர்வமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். தவிர, பின்னால் 6, 7 டிகிரி வித்தியாசங்களை வைத்துத்தான் பேசப் போகிறோம். அங்கே ஒரு டிகிரி பிழை பெரிய பிழை.

விளக்கின் கீழ்

ஒரே அளவு, ஒரே நிறம் கொண்ட கிண்ணங்கள். ஒன்றில் 500 கிராம் தண்ணீர், இன்னொன்றில் நன்றாகக் காய்ந்த மணல் 500 கிராம். இரண்டையும் முந்தைய நாளே அறைக்குள் வைத்துவிட்டால் ஒரே வெப்பநிலையில் தொடங்கலாம்.

எடையைச் சமமாக வைத்தவுடன் ஒரு பிள்ளை எதிர்ப்புத் தெரிவித்தாள்: "மணல் கம்மியா இருக்கே, இது சமம் இல்லையே!" நல்ல கேள்வி. மணல் கனமானது. 500 கிராம் மணல் சுமார் 310 மில்லி இடத்தைத்தான் அடைக்கும். எடைக்கு எடை ஒப்பிடுவதா, கொள்ளளவுக்குக் கொள்ளளவு ஒப்பிடுவதா? இரண்டுக்கும் விடை இருக்கிறது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 ஜூல் வெப்பம் வேண்டும். காய்ந்த மணலுக்குச் சுமார் 0.8 ஜூல். எடைக்கு எடை பார்த்தால் தண்ணீர் ஐந்து மடங்கு. கொள்ளளவுக்குப் பார்த்தால் மணலின் கனத்தால் வித்தியாசம் குறைந்து, சுமார் மூன்று மடங்கு. எப்படிப் பார்த்தாலும் தண்ணீர்தான் முன்னால் நிற்கிறது. இதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு எடையையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

விளக்கு விஷயத்தில் ஒரு குறிப்பு. இப்போது எங்கும் கிடைக்கும் எல்இடி விளக்கு இதற்கு உதவாது. அது ஒளியைத் தரும் அளவுக்கு வெப்பத்தைத் தருவதில்லை. பழைய இழை பல்பு 100 வாட், அல்லது வெப்ப விளக்கு வேண்டும். நல்ல வெயில் இருந்தால் வெயிலே எல்லாவற்றையும்விடச் சிறந்தது. மானியின் குமிழ் நேரடியாக ஒளியில் படக்கூடாது. பட்டால் அது மணலின் வெப்பத்தையோ நீரின் வெப்பத்தையோ அல்ல, தன் மேல் விழும் ஒளியைத்தான் அளக்கும். மேற்பரப்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே புதைத்து வைத்தோம்.

அப்புறம் ஒவ்வொரு கிண்ணத்திலும் இரண்டாவது மானி ஒன்றை அடிப்பக்கத்தில் வைத்தோம். விளக்குச் சோதனையில் உண்மையான சுவாரஸ்யம் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மணலின் மேல்பக்கம் கிடுகிடுவென ஏறும்போது அடி மானி அசையாமல் நிற்கும். மணலில் விரலை விட்டுப் பார்த்த பிள்ளைகளுக்கு இது உடனே புரிந்தது: மேலே சுடுகிறது, கீழே சில்லென்று இருக்கிறது. தண்ணீரில் அப்படி இல்லை. அவ்வப்போது மெல்லக் கலக்கிவிட்டால் மேலும் கீழும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறும். "கலக்குவது கள்ளாட்டம்" என்று ஒருவன் சொன்னான். கடலை அலையும் காற்றும் கலக்கிக்கொண்டேதானே இருக்கின்றன, நிலத்தை யார் கலக்குகிறார்கள் என்று கேட்டதும் ஒப்புக்கொண்டான்.

ஆக, தண்ணீர் மெதுவாகச் சூடாவதற்கு ஒன்றல்ல, பல காரணங்கள். ஒன்று, கிராமுக்குக் கூடுதல் வெப்பம் பிடிக்கிறது. இரண்டு, வெயில் மண்ணின் மேல்தோலிலேயே நின்றுவிடுகிறது. தெளிந்த கடல்நீரிலோ பல மீட்டர் ஆழம் இறங்குகிறது. மூன்று, நீர் கலங்குகிறது. நிலத்தில் பகல் இரவு வெப்ப வேறுபாடு அரை மீட்டர் ஆழத்துக்குள் பெரும்பாலும் தேய்ந்துபோகும். கடலில் காற்றும் அலையும் சேர்ந்து பல பத்து மீட்டர் தடிமனுள்ள நீரை ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கின்றன. நான்காவது காரணம் ஆவியாதல். அதைத் தனியே பார்ப்பதற்காக இன்னும் இரண்டு கிண்ணம் சேர்த்தோம். ஒன்றில் தண்ணீர், மேலே ஒளி புகும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்கமாகப் போர்த்தியது. இன்னொன்றில் ஈர மணல்.

போர்த்திய தண்ணீர் போர்த்தாத தண்ணீரைவிடக் கூடுதலாகச் சூடானது. ஈர மணல் காய்ந்த மணலைவிடக் கருப்பாக இருப்பதால் அதுதான் அதிகம் சூடாகும் என்று சில பிள்ளைகள் பந்தயம் கட்டினார்கள். காய்ந்த மணலைவிட அது வெகுவாகக் குறைந்தே நின்றது. ஒரு கிராம் நீர் ஆவியாகிப் போகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதே ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்றவே 418 ஜூல்தான் ஆகும். மரமும் ஈரமண்ணும் உள்ள இடம் ஏன் குளிர்ந்திருக்கிறது, எல்லாவற்றையும் சிமென்ட் பூசி மூடிய இடம் ஏன் தகிக்கிறது என்று பேச இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. நாங்கள் நிறைய நேரம் இதிலேயே இருந்தோம்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பிள்ளை அளவைச் சொல்ல, இன்னொரு பிள்ளை எழுத, வரைபடத்தாளில் கோடு வளரும். விளக்கை அணைத்த பிறகும் அதே அளவு நேரம் தொடர்ந்து அளக்க வேண்டும். பலர் விட்டுவிடும் பகுதி இது. மணலின் கோடு செங்குத்தாக இறங்கும், தண்ணீரின் கோடு சோம்பலாகச் சாயும். வெயிலில் வைத்து, பொழுது சாய்ந்த பின்னும் அளந்தால் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் வரும். அதற்குப் பின் மணல் குளிர், தண்ணீர் வெதுவெதுப்பு. பகலுக்கும் இரவுக்கும் கடலும் நிலமும் இடம் மாறிக்கொள்வது அந்த ஒரு வெட்டுப்புள்ளியில் இருக்கிறது.

கலவைச் சோதனை

இவ்வளவும் செய்த பிறகும் "தண்ணீர் வாங்காது" என்ற எண்ணம் முழுக்கப் போகவில்லை. அதைப் போக்கியது கலவைச் சோதனைதான். நேரம் குறைவாக இருந்தால் விளக்கை விட்டுவிட்டுக்கூட இதைச் செய்யுங்கள்.

மூடியுள்ள தெர்மகோல் குவளைகள் இரண்டு. இரண்டிலும் 20 டிகிரியில் 200 கிராம் குளிர்ந்த நீர். முதல் குவளையில் 60 டிகிரியில் உள்ள 200 கிராம் வெந்நீரை ஊற்றப் போகிறோம். இரண்டாவதில் அதே 60 டிகிரியில் உள்ள 200 கிராம் மணலைக் கொட்டப் போகிறோம். கலக்கிய பின் என்ன வெப்பநிலை வரும்? ஊற்றுவதற்கு முன் எல்லோரும் தாளில் எழுதி மடித்து வைத்துவிட வேண்டும்.

மணலை 60 டிகிரிக்குச் சீராகக் கொண்டுவருவதுதான் இதில் கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. மணல் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே கடத்தும். பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்தால் அடி கொதிக்கும், நடு பச்சையாக இருக்கும். வாய் இறுகும் பிளாஸ்டிக் பையில் மெல்லிய படலமாகப் பரப்பி, காற்றை வெளியேற்றி, வெந்நீர்த் தொட்டியில் வாய்ப்பக்கம் மேலே நிற்கும்படி தொங்கவிட வேண்டும். தொட்டி 60 டிகிரியிலேயே இருக்கும்படி அவ்வப்போது வெந்நீர் சேர்த்து, பையைத் திருப்பித் திருப்பி விட்டால் இருபது நிமிடத்தில் மணலின் நடுவிலும் 60 வந்துவிடும். மானியைப் பைக்குள் நுழைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். 60 டிகிரி நீர் தோலைச் சுடும். ஊற்றும் வேலை பெரியவர்களுடையது, கலக்குவதும் அளப்பதும் பிள்ளைகளுடையது.

முதல் குவளை 39 டிகிரிக்கு அருகில் நின்றது. கணக்குப்படி 40 வர வேண்டும். குவளையும் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொண்டன. பெரும்பாலோர் இதைச் சரியாக எழுதியிருந்தார்கள். இரண்டாவது குவளைக்கும் கிட்டத்தட்ட எல்லோரும் 40 என்றே எழுதியிருந்தார்கள். மானி 27ஐத் தாண்டவில்லை. "மணல் ஏமாத்திடுச்சு!" என்றான் ஒருவன்.

மணல் ஏமாற்றவில்லை. இரண்டின் வெப்பநிலையும் 60தான், உள்ளே இருந்த சரக்கு வேறு. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் வெப்பத்தையும் வெப்பநிலையையும் தனித்தனியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். அதை இன்னும் அழுத்திக் காட்டப் பாசிமணிகளை எடுத்துக்கொண்டோம். ஒரு ஒல்லியான குழல், ஒரு அகலமான பாத்திரம். இரண்டிலும் ஒரே உயரத்துக்கு மணியை நிரப்பி, பிறகு எண்ணிப் பார்த்தோம். உயரம்தான் வெப்பநிலை, எண்ணிக்கைதான் வெப்பம். குழலில் ஒரு பிடி மணி போட்டாலே உயரம் எகிறும். அகலப் பாத்திரம் பிடி பிடியாக வாங்கிக்கொண்டும் உயரமே காட்டாது. தண்ணீர் அந்த அகலப் பாத்திரம்.

அடுத்து இதைத் திருப்பிப் போட்டோம். 60 டிகிரி வெந்நீர் 200 கிராம், அதில் 20 டிகிரியில் உள்ள மணல் 200 கிராம். இந்த முறை யாரும் 40 என்று எழுதவில்லை. 54க்கு அருகில் நின்றது. குளிர்ந்த மணல் முழுவதையும் சூடாக்கிய பிறகும் தண்ணீர் சில டிகிரிதான் இழந்திருந்தது. குளிர்காலத்தில் கடல் பக்கத்து நிலத்துக்குச் செய்வதும் இதுதான். மணலுக்குப் பதிலாக இரும்பு போல்ட்களை அதே எடைக்கு 60 டிகிரியில் போட்டால் 20 டிகிரி நீர் 24ஐத்தான் எட்டும். தொட்டால் மணலைவிட இரும்புதான் அதிகம் சுடும், ஆனால் உள்ளே இருப்பது குறைவு. கை சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இது நல்ல பாடம்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இதிலிருந்தே மணலின் தன்வெப்ப ஏற்புத்திறனை, அதாவது ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்ற வேண்டிய வெப்பத்தை, கண்டுபிடித்துவிடலாம். மணல் 60லிருந்து 27க்கு, அதாவது 33 டிகிரி இறங்கியது. நீர் 20லிருந்து 27க்கு, 7 டிகிரி ஏறியது. எடை சமம், மணல் கொடுத்ததைத்தான் நீர் வாங்கியது. அப்படியானால் மணலின் திறன் நீரின் திறனில் 33க்கு 7 பங்கு. 4.18ஐ அதால் பெருக்கினால் 0.89. புத்தகத்தில் இருக்கும் 0.8க்கு இவ்வளவு பக்கத்தில், ஒரு தெர்மகோல் குவளையை வைத்துக்கொண்டு வந்துவிட்டோம் என்றதும் அவர்கள் முகத்தில் வந்த பெருமை எனக்கு நிரம்பப் பிடித்திருந்தது.

கலந்து பார்ப்பது பழைய வழிதான். 18ஆம் நூற்றாண்டில் ஃபாரன்ஹீட் பாதரசத்தையும் நீரையும் வெவ்வேறு வெப்பநிலையில் கலந்து பார்த்தார். பாதரசம் நீரைவிடப் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனம், ஆனாலும் அதே கொள்ளளவு நீர் அளவுக்குக்கூட அது வெப்பம் தரவில்லை. கனமான பொருளில் கூடுதல் வெப்பம் இருக்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது புதிர். ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1760களில் அதை அவிழ்த்தார்: ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் திறன் தனி, கனத்தை வைத்து அதை ஊகிக்க முடியாது. நம் பிள்ளைகள் 40 என்று எழுதியதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை என்று இதைச் சொல்லும்போது அவர்களுக்கும் சொன்னேன்.

பலூனில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மெழுகுவத்திச் சுடருக்கு மேல் காட்டினால் வெடிக்காது, அடியில் கரி மட்டும் படியும் என்பதும் இதே விஷயம்தான். வெறும் பலூன் சட்டென்று வெடிக்கும். கண்ணாடி அணிந்து, கீழே தட்டு வைத்துச் செய்யலாம். உற்சாகம் நிறைய, அளப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே நான் இதை இடைவேளைக்கு வைத்துக்கொள்கிறேன்.

தண்ணீர் மட்டும் ஏன் இப்படி என்று கட்டாயம் கேட்பார்கள். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொண்டிருக்கின்றன, வரும் வெப்பத்தில் ஒரு பங்கு அந்தப் பிடியைத் தளர்த்தவே செலவாகிவிடுகிறது, மிச்சம்தான் மூலக்கூறுகளை வேகமாக அசைக்கிறது என்று சொன்னால் இந்த வயதுக்குப் போதும்.

காற்றுப் பெட்டி

ஒரு கண்ணாடி மீன் தொட்டி, மேலே ஒளி புகும் மூடி. உள்ளே ஒரு பக்கம் நன்றாகச் சூடேற்றிய மணல் தட்டு, மறுபக்கம் பனிக்கட்டி மிதக்கும் நீர்த் தட்டு. பின்பக்கம் கருப்புத் தாள், பக்கவாட்டில் டார்ச் ஒளி. இந்த இரண்டும் இல்லாவிட்டால் புகை கண்ணுக்கே தெரியாது. புகைக்கு ஊதுபத்தி. கனல் தானே சூடு என்பதால் அதன் புகை எப்படியும் மேலேதான் போகும். கொளுத்திய ஊதுபத்தியை நீர்த் தட்டின் பக்கமாகச் சிறிது நேரம் காட்டி, வெளியே எடுத்துவிட்டு, மூடி, காத்திருக்க வேண்டும். குளிர்ந்த புகை நீருக்கு மேல் தாழ்ந்து படியும், பிறகு தரையோடு தரையாக மணலை நோக்கி நகரும், மணலுக்கு மேலே எழும், மூடிக்குக் கீழே திரும்பி வரும். கடற்காற்று. அறையில் மின்விசிறி ஓடினாலோ யாராவது தொட்டிக்கு மேல் மூச்சு விட்டாலோ எல்லாம் கலைந்துவிடும்.

அடுத்து மணலை ஆறவிட்டு, பனிநீருக்குப் பதில் 40 டிகிரி நீரை வைத்தால் சுழற்சி திசை மாறும். இரவின் நிலக்காற்று. நான் எதையும் விளக்கவில்லை, வரைபடத்தாளில் கோடுகள் வெட்டிக்கொண்ட இடத்தை ஒரு பிள்ளையே போய்க் காட்டினாள்: "இதுக்கு அப்புறம்தான் காத்து திரும்பும்."

"அப்போ பருவமழை பெரிய கடற்காற்றா?" என்ற கேள்வியும் வந்தது. வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1686இல் பருவக்காற்றுக்குச் சொன்ன விளக்கம் ஏறக்குறைய அதுதான்: நிலமும் கடலும் வெயிலில் வெவ்வேறாகச் சூடாகின்றன, காற்று அந்த வேறுபாட்டைப் பின்தொடர்கிறது. தொடக்கம் அது. புவியின் சுழற்சி அந்தக் காற்றை வளைக்கிறது. ஆவியாகிப் போன நீர் மேகமாகத் திரும்பும்போது, நாங்கள் ஈர மணலில் பார்த்த அந்த 2,400 ஜூல் வானத்தில் விடுபட்டுக் காற்றை இன்னும் உறிஞ்சி இழுக்கிறது. ஆகவே பருவமழையும் கடற்காற்றும் ஒன்றேதான் என்று சொல்லி முடித்துவிடக் கூடாது.

ஊர்களைக் கோடாக வரைவது

தட்டிலும் தொட்டியிலும் பார்த்தது வரைபடத்திலும் தெரிகிறதா? ஒரே அட்சரேகைக்கு அருகில் இருக்கும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டோம். பசிபிக் கரையில் சான் பிரான்சிஸ்கோ, அமெரிக்க நிலப்பரப்பின் நடுவில் விச்சிட்டா. இரண்டும் வடக்கு 37 டிகிரியைத் தாண்டி 38ஐ ஒட்டி. மாதச் சராசரிகளைக் குறித்தால், விச்சிட்டா ஜனவரியில் 0 டிகிரியை ஒட்டித் தொடங்கி ஜூலையில் 27ஐத் தொடுகிறது. சான் பிரான்சிஸ்கோ ஆண்டு முழுக்க 10க்கும் 18க்கும் இடையிலேயே. இன்னொன்றும் பிள்ளைகள் கண்ணில் பட்டது: அங்கே மிக வெப்பமான மாதம் செப்டம்பர். வெயில் உச்சத்தில் இருப்பது ஜூனில், கடல் சூடாகி முடிப்பது அதற்குப் பிறகு. கோடைப் பனிமூட்டமும் குளிர்ந்த கடல் நீரோட்டமும் இதில் சேர்ந்துகொள்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் முழுப் பெருமையும் தன்வெப்பத்துக்கே போய்விடும்.

மறுகோடியில் சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க். 1892இல் மைனஸ் 67.8 டிகிரி, 2020 ஜூனில் 38 டிகிரி. ஒரே ஊரில் நூறு டிகிரிக்கு மேல் வித்தியாசம்! வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கடல் வெகு தொலைவில்.

"கடல் பக்கத்துல இருந்தா குளிரே வராது" என்று பிள்ளைகள் முடிவு கட்டத் தொடங்கியபோது விளாடிவோஸ்டாக்கைக் காட்டினேன். கடலோரத் துறைமுகம்தான், ஆனாலும் ஜனவரிச் சராசரி மைனஸ் 12 வாக்கில். குளிர்காலத்தில் அங்கே காற்று சைபீரிய நிலப்பரப்பிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கடல் பக்கத்தில் இருந்தால் போதாது, காற்று கடலிலிருந்து நம்மை நோக்கி வர வேண்டும். விதியைச் சொன்ன கையோடு அது பொருந்தாத இடத்தையும் காட்டினால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளாடிவோஸ்டாக்கைப் பார்த்த பிறகுதான் அவர்கள் மற்ற ஊர்களுக்கும் காற்றின் திசையைத் தேடினார்கள்.

பத்து டன் காற்று

கடைசிப் பகுதி முழுக்கக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே வானம் வரை நிற்கும் காற்றின் எடை சுமார் 10 டன். "தலை மேல பத்து டன்னா!" என்ற ஆரவாரம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி ஏற்ற 1 கிலோஜூல். ஒரு கிலோ நீருக்கு 4.18. நான்கு மடங்கு என்றே வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 10 டன் காற்று பிடிக்கும் வெப்பத்தை எத்தனை டன் நீர் பிடிக்கும்? இரண்டரை டன். ஒரு சதுர மீட்டர் மேல் இரண்டரை டன் நீர் என்றால் எவ்வளவு ஆழம்? இரண்டரை மீட்டர்.

தரையிலிருந்து வானம் வரை உள்ள காற்று முழுவதும் ஒரு பக்கம், ஒரு ஆள் உயரத்துக்குச் சற்று மேலான ஆழமுள்ள நீர் இன்னொரு பக்கம், இரண்டும் சமம். கடலின் சராசரி ஆழமோ சுமார் 3,700 மீட்டர். இந்தக் கணக்கை நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் தாங்களே போட்டு முடிக்கும்போது கிடைக்கும் அமைதி வேறு எதிலும் வருவதில்லை. ஆகவே விடையை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

பசுங்குடில் வாயுக்களால் 1970களிலிருந்து புவியில் தேங்கிய கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது என்பது இதற்குப் பிறகு அவர்களுக்கு வியப்பாக இல்லை. வேறு எங்கே போகும் என்று கேட்கிறார்கள்! அதை அளப்பது எப்படி என்று சொல்ல ஆர்கோ மிதவைகள் இருக்கின்றன. உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 மிதவைகள், 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்துகொண்டே ஏறி, பத்து நாளுக்கு ஒருமுறை செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்புகின்றன. நாங்கள் கிண்ணத்தில் மேலே ஒன்று, அடியில் ஒன்று என்று மானி வைத்ததன் பெரிய வடிவம்தான் அது.

"அப்போ கடல் நம்மளைக் காப்பாத்திக்கிட்டு இருக்கா, சார்?" என்று கேட்டாள் ஒருத்தி. ஒரு வகையில் ஆம். ஆனால் வாங்கியது எங்கும் மறைந்துவிடவில்லை. வெதுவெதுப்பான கடல் புயலுக்குத் தீனி போடுகிறது, பவளப்பாறைகளை வெளுக்க வைக்கிறது. தவிர, சூடான நீர் விரிகிறது. கடைசியாகச் சொன்னதைக் கையோடு செய்து பார்க்கலாம்.

ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டி, அதில் கழுத்து வரை வண்ணநீர், ரப்பர் தக்கை, தக்கை வழியாக 4 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட ஒளி புகும் குழாய். கொதிக்கவைத்து ஆறிய நீரை ஊற்றினால் குமிழி வராது. குமிழி இருந்தால் அதுதான் முதலில் விரிந்து அளவைக் கெடுக்கும். குழாயில் மட்டத்தைக் குறித்துவிட்டுப் புட்டியை வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் வைத்தால், முதல் சில நொடிகள் மட்டம் இறங்கும். பிள்ளைகள் திகைப்பார்கள். கண்ணாடி முதலில் சூடாகி விரிகிறது, உள்ளே இருக்கும் நீருக்கு வெப்பம் பிறகுதான் போய்ச் சேர்கிறது. அப்புறம் மட்டம் ஏறத் தொடங்கும். 20 டிகிரியிலிருந்து 30க்குப் போனால் ஒரு லிட்டர் நீர் சுமார் இரண்டரை மில்லி கூடுகிறது. அந்த ஒல்லிக் குழாயில் அது கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர்.

கடல் பத்து டிகிரி ஏறவில்லை. ஆனால் ஆழம் அதிகம். ஆயிரம் மீட்டர் ஆழமுள்ள நீர் 0.1 டிகிரி மட்டும் சூடானாலே மட்டம் சுமார் 2 சென்டிமீட்டர் உயரும். அடுத்து லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்து, அதாவது கடலின் உப்பளவில், இதே புட்டியில் செய்து பார்க்க இருக்கிறோம். உப்புநீர் அதே சூட்டுக்கு நன்னீரைவிடச் சற்றுக் கூடுதலாக விரியும். குழாயை முன்னதைவிட ஓர் அரையடி கூடுதல் நீளமாக வாங்கி வைத்திருக்கிறேன்.